இன்னொரு இரட்டை மணி

அன்று மழை பெய்ததா, வெறும் மூட்டம்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவனான எனக்கும் நாளாக நாளாக எல்லாம் கலந்துவிட்டது. ஆனால் மணிக்கயிறு அறுந்தது நிஜம். அறுத்தவர் கண்டக்டர். கோபத்தில் அறுத்தார்.

ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு இழுப்பு என்றால் போ. இரட்டை மணி அடித்தால் படியில் யாரும் தொங்கவில்லை, கதவில் யார் பையும் மாட்டவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகும் டிரைவர் வண்டியை எடுக்காமல் இருப்பது, உன் கண்ணை நான் நம்பவில்லை என்று கூட்டத்துக்கு நடுவே சொல்வதற்குச் சமம். அதைத்தான் டிரைவர் கொஞ்ச நாளாகச் செய்துகொண்டிருந்தார். இன்னொரு முறை இரட்டை மணி அடித்தால்தான் வண்டி நகரும்.

வருஷக்கணக்காக ஒரே வண்டியில் ஓடியவர்கள். மூத்தவரான டிரைவருக்கு நிறுத்தத்துக்கு ஒரு கிண்டல் இருக்கும். அந்த வாய் இப்போது பூட்டிக் கிடந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. அண்ணனுக்குத் தன்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று கண்டக்டர் முடிவுகட்டினார். பதிலுக்கு அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீக்கடைக்குத் தனியாகப் போய்வந்தார். என்னவென்று கேட்க ரோஷம் விடவில்லை.

அன்று சந்தை நிறுத்தத்தில் இரட்டை மணி அடித்தார். வண்டி நகரவில்லை. மறுபடி அடித்தார். அப்போதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த இழுப்பில் கயிறு கையோடு வந்துவிட்டது.

"மாடு ஓடிப்போச்சா கண்டக்டரே?" என்றாள் பின் சீட்டில் கூடையோடு இருந்த காய்கறிக்காரி. பஸ்ஸே சிரித்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். டிரைவரின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பார்வை பக்கக் கண்ணாடியை விட்டு அகலவில்லை.

"படியில யாரும் இல்லையே?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. நான் பார்த்துட்டேன்."

கண்டக்டர் திரும்பி நின்று, மணி அறுந்த வண்டியை ஓட்டக் கூடாது, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், எல்லோரும் இறங்குங்கள் என்றார். பழி முழுவதும் கயிற்றின்மேல் போயிற்று.

காலி பஸ்ஸில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிறகு டிரைவரே ஆரம்பித்தார். கண்ணாடியில் யாரும் இல்லை என்று தெரிகிறதாம். ஆனாலும் சக்கரத்தடியில் யாரோ இருப்பதுபோல நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். தூக்கமில்லை. காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பேசுவதுகூட எங்கோ தூரத்தில் கேட்கிறது.

"நான் என்மேல கோபம்னு நெனச்சிட்டேண்ணே."

"உன்மேல கோபப்படக்கூடத் தெம்பில்லடா."

மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று கண்டக்டர் சொன்னதும் டிரைவர் சுருங்கிப்போனார். பைத்தியம் என்று பேர் வரும், வேலை போய்விடும் என்றார். கண்டக்டர் மறுத்து வாதாடவில்லை. அந்தப் பயம் நியாயம்தான், அதையும் டாக்டரிடமே கேட்போம் என்றார்.

"உங்களுக்கு உடம்புக்கு முடியாத மாதிரிதாண்ணே இதுவும். இதைப் பார்க்கிறதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும். ஆனா கூட வருவேன். அண்ணிகிட்ட நான் சொல்லவா?"

"வேணாம்," என்றார் டிரைவர். "நானே சொல்றேன்."

மருத்துவமனை பெஞ்சில் அண்ணி ஒரு பக்கம், கண்டக்டர் ஒரு பக்கம், நடுவில் டிரைவர். நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் வாசல் பக்கம் திரும்பிவிடுவார் என்று கண்டக்டருக்குத் தோன்றியது. பெஞ்சின் மரத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை அடி," என்றார்.

கண்டக்டர் அடித்தார். டிரைவர் எழுந்து உள்ளே போனார்.

முதலில் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூக்கம் வந்தது. விட்டுவிடுகிறேன் என்றவரை அண்ணி திரும்பவும் அழைத்துப்போக, டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். வாராவாரம் உட்கார்ந்து பேசவும் ஒரு ஆலோசகர் அம்மாள் கிடைத்தார். வேலை போகவில்லை. கொஞ்ச மாதம் பஸ் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு பழைய வண்டிக்கே வந்தார். இப்போதும் டாக்டரிடம் போய்வருகிறார். முதல் இரட்டை மணிக்கே வண்டி நகர்கிறது. நகராத நாளில் கண்டக்டர் பேசாமல் இன்னொன்று அடிக்கிறார். டப்பா காலியாக வீடு போகிறது. அண்ணி கண்டக்டருக்கும் சேர்த்து வைத்து அனுப்புகிறாள். காய்கறிக்காரி இன்னும் மாட்டை விசாரிக்கிறாள். பஸ் நிலையத்தில் எல்லோரும் கண்டக்டரை 'கயிறு' என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.