ஆசியா பீவியின் வருமானம்

சிவகாசியில் ஆசியா ட்ரேடர்ஸ் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஆர்டர் பிடித்து, அச்சகத்தில் அடித்து வாங்கி, லோடு ஏற்றி அனுப்புகிற வியாபாரம். உரிமையாளர் ஆசியா பீவி. உரிமையாளர் என்றால் என்ன பெரிய உரிமை, புருசன் செய்யது அபுதாஹிர் விரலை வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிற உரிமைதான். பொம்பளை பேரில் இருந்தால் லோன் லேசாகக் கிடைக்கும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிக்கொடுத்தான், மனிதர் போட்டுவிட்டார். அந்த ஆபீஸ் நாற்காலியில் அவள் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

அதனால் வருமான வரி நோட்டீசும் அவள் பேருக்கே வந்தது. விருதுநகருக்குக் கிளம்பிப் போய், ஆடிட்டர் ரத்தினசாமியின் முன்னால் அவளும் உட்கார வேண்டியதாயிற்று.

ஆடிட்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. “மூணு வருசமா கணக்கே காட்டல. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேத்து பதினோரு லட்சத்துக்கு மேல போகுதும்மா” என்றார்.

ஆசியாவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பக்கத்து வீட்டு விவகாரத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரம் ரூபாய் தொலைந்திருந்தால் பதறியிருப்பாள். இதற்கு எங்கேயிருந்து தொடங்கிப் பதறுவது?

ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. “வருமானம் இருந்தாத்தானே சார் வரி போடுவாக? எங்களுக்குத்தான் வருமானமே இல்லையே.”

ஆடிட்டர் அபுதாஹிரைப் பார்த்தார். அபுதாஹிர் சுவரைப் பார்த்தார்.

“என்ன பாய், வீட்ல சொல்லலையா?” என்று கேட்டுவிட்டு, ஆடிட்டர் தாளை அவள் பக்கம் திருப்பினார். “இது லாபம்மா. செலவெல்லாம் கழிச்சு மிச்சம் நின்னது. இந்தா பாருங்க, இருபத்திரண்டாம் வருசம் பதினாலு லட்சம். அதுலதான சாத்தூர் ரோட்டுல இடம் வாங்கியிருக்காரு.”

“எல்லாம் இவளுக்கும் பிள்ளைக்கும்தான் சார்” என்றார் அபுதாஹிர். “போகட்டும், அந்த இடத்தை வித்துக் கட்டிருவோம்.”

இடம் வாங்கியதே ஆசியாவுக்கு இப்போதுதான் தெரியும். அது போகட்டும். இருபத்திரண்டாம் வருசத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். மகள் ருக்சானா பிளஸ் டூ முடித்து, மதுரையில் நர்சிங் சீட்டு கிடைத்த வருசம். முதல் தவணை எண்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். “கொரோனா அடிச்ச அடியிலருந்து நானே இன்னும் எந்திரிக்கல, எம்பதாயிரத்துக்கு எங்கிட்டுப் போவேன்?” என்று அபுதாஹிர் தலையில் கையை வைத்துக்கொண்டு சோறு திங்காமல் கிடந்தார். என்ன நடிப்புடா சாமி! பார்க்கப் பொறுக்காமல் ஆசியாதான் மகளைத் தனியே கூப்பிட்டு, “அத்தாவப் பாத்தா பாவமா இருக்குடி, நீயா வேணாம்னு சொல்லிரு” என்றாள். பிள்ளையும் போய், தனக்கு நர்சிங்கில் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டது. இப்போது அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் எழுதிக் கொடுக்கிறாள்.

திரும்பி வரும்போது அபுதாஹிர் அவளைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தார், வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருசத்தில் இல்லாத கரிசனம். திருத்தங்கல் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

“ருக்சானாட்டச் சொல்லிராத புள்ள. மனசு கஷ்டப்படும்.”

பிள்ளைக்கு மனசு என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது மனிதருக்கு. கையில் வெள்ளரிப்பிஞ்சு இருப்பதே ஆசியாவுக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் ருக்சானா வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, “எம்புட்டும்மா கட்டணுமாம்?” என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அபுதாஹிர் தொண்டையைச் செருமினார்.

“பதினோரு லட்சமாம்” என்றாள் ஆசியா. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. “ஒனக்குச் சீட்டு கெடைச்ச வருசம் நம்ம கடை லாபம் மட்டும் பதினாலு லட்சமாம்டி.”

அபுதாஹிர் எழுந்து வெளியே போனார். ருக்சானா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்க பேர்ல உள்ள கம்பெனி. ஒங்களுக்குத் தெரியாதா?”

“அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதுடி. அத்தா இல்லைன்னாக, நம்பிட்டேன்.”

“அத்தாகூட என்னைய நேரா வேணாம்னு சொல்லல” என்றாள் ருக்சானா. “சொல்லச் சொன்னது நீங்கதானம்மா.”

அதில் கோபமே இல்லை. ஸ்கேன் எடுக்க வந்தவர்களிடம் நம்பரைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். கோபப்பட்டிருந்தால் ஆசியா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.