நோன்பு கழிந்தால் இருபது ராத்தல்

தராசில் ஏறி நின்றதும் ஹனீபா முதலில் சந்தேகப்பட்டது தராசைத்தான்.

"இது சரியாக் காட்டுமா?"

"போன வாரந்தான் சரிபாத்துட்டுப் போனாங்க பாய். ஆடாம நில்லுங்க" என்றான் மருதப்பன்.

மருதப்பன் துறைமுகத்துத் தொழிலாளர் மருந்தகத்தில் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவான், ஊசி குத்துவான், வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீசில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வான். அவன் கம்பியில் குண்டை மெல்ல மெல்லத் தள்ளினான். கம்பி நேராக நின்றது.

"இருநூத்தி எட்டு ராத்தல்."

"செருப்போட நிக்கிறேன்."

"செருப்பு எங்க இருக்கு? அங்க கழட்டிப் போட்டிருக்கீங்க."

ஹனீபா திரும்பிப் பார்த்தார். செருப்பு கதவோரம்தான் கிடந்தது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் ஏழாம் நம்பர் கிரேனை ஓட்டிப் பத்தொன்பது வருடமாகிறது. அறுபத்திரண்டு இரும்புப் படிகள், நெட்டுக்குத்தாக ஏற வேண்டும். ஏறிவிட்டால் ஒரு கூண்டு, அதில் ஒரு நாற்காலி. அங்கே அவர்தான் ராஜா. இந்த 1962-ல் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். நாற்பத்தைந்து தாண்டிய கிரேன் ஓட்டிகள் எல்லாரும் டாக்டரிடம் உடம்பைக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவன் கிரேன் ஏற முடியாது.

டாக்டர் அவர் கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். ஒரு பலகைப் படியில் முப்பது தடவை ஏறி இறங்கச் சொன்னார். பதினெட்டிலேயே ஹனீபாவுக்கு நெஞ்சு பட்டறைத் துருத்தி மாதிரி இரைந்தது. டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மருதப்பனிடம் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"பிரஷர் கூட இருக்காம் பாய். எடையக் கொறைக்கணுமாம். மாசத்துக்கு ரெண்டு ராத்தல், ஆறு மாசத்துல பன்னண்டு. அது வரைக்கும் கிரேன் ஏறக் கூடாது, கீழ கொட்டகையில வேலை. உங்க எடத்துல தற்காலிகமா ஒரு ஆளப் போடுவாங்க. ஆறு மாசம் உங்க நாற்காலிய யாரும் தொட மாட்டாங்க."

தற்காலிகம் என்றால் என்னவென்று ஹனீபாவுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கால் முறிந்து படுத்த ஒரு சீனக் கிழவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஏறியவர்தான் அவர். கிழவர் குணமாகி வந்தபோது ஹனீபா இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. ஏறிய பிறகு எவன் இறங்குவான்? ஆறு மாதம் என்பது மனுசனை மறப்பதற்குப் போதுமான காலம்.

"ஆறு மாசம் எதுக்கு?" என்றார். "இன்னும் பத்து நாள்ல நோன்பு. ஒரு மாசம் பகல் பூரா பச்சத் தண்ணி கெடையாது. இருபது ராத்தல் எறக்கிக் காட்டுறேன். பெருநாள் கழிஞ்சு மறுவாரம் பாக்கச் சொல்லு."

"பாய், டாக்டர் சொல்றது நடக்கக்கூடிய கணக்கு. நீங்க சொல்றது வீம்பு."

"நீ சொல்லு லா. மாத்திச் சொல்லிடாத."

மருதப்பன் சொன்னான். டாக்டர் பேனாவை நிறுத்தி ஹனீபாவின் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் பதினைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"எழுதினா எழுதினதுதானாம் பாய். பெருநாளுக்கு அப்புறம் இருபது எறங்கலைன்னா ஏழாம் நம்பர வேற ஆளுக்கு நிரந்தரமா எழுதிடுவாங்க. பொறவு ஆறு மாசப் பேச்சே கெடையாது. சம்மதமா?"

"எழுதச் சொல்லு."

ஹனீபா தமிழில் பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

டன்லப் தெருவில் மாடியில் ஒற்றை அறை வீடு. விஷயத்தைக் கேட்ட ருக்கையா, அரிசி களைந்த கையோடு எழுந்து வந்தாள்.

"இருபது ராத்தலா? தேக்கா மார்க்கெட்டுல தொங்குதே ஆட்டுக்கால், அது நாலு சேந்தாக்கூட அவ்வளவு வராதுங்க. ஒங்க ஒடம்புல எங்கேருந்து வெட்டி எடுப்பீங்க?"

"நோன்பு எடுக்கும். கல்யாணம் ஆன வருசம் நெனப்பிருக்கா? பெருநாளுக்குக் கால்சட்ட இடுப்புல நிக்கல, கயிறு போட்டுக் கட்டினேன்."

"அப்ப சாக்கு தூக்கினீங்க. நோன்பு வச்சுக்கிட்டே தூக்கினீங்க. இப்ப ஒக்காந்து கம்பிய இழுக்குறீங்க."

பெண்பிள்ளைக்குத் துறைமுகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஹனீபா நினைத்துக்கொண்டார்.

நோன்பு வந்தது. ஹனீபா ஒரு நோன்பைக்கூட விடவில்லை. கொட்டகையில் பெட்டிகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை. கோடு போட்டுவிட்டுச் சாக்கு மூட்டையில் சாய்ந்தால் மத்தியானம் முழுக்கத் தூக்கம். நாக்கு வறண்டது, வயிறு ஒட்டியது, தலை லேசாகச் சுற்றியது. இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டார். சாயங்காலம் நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் உட்கார்ந்தால் அண்டாவிலிருந்து ஆவி பறக்கக் கறிபோட்ட கஞ்சி வரும். நாளெல்லாம் பட்டினி கிடந்தவனுக்கு ஒரு கோப்பை போதுமா?

பன்னிரண்டாம் நோன்பன்று சிராங்கூன் ரோட்டில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்ற எடை மெஷினில் காசு போட்டார். சின்ன அட்டை வந்து விழுந்தது. இருநூற்றுப் பதினொன்று.

ஹனீபா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவருக்கு வெளிநாட்டுப் பயணம் காத்திருப்பதாக அச்சடித்திருந்தது. பொய் சொல்கிற மெஷின் என்று விட்டுவிட்டு, நாலு கடை தள்ளி இன்னொரு மெஷினுக்குப் போனார். இடுப்பு வாரைக் கழற்றினார், சாவிக்கொத்தை எடுத்தார், தொப்பியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கையில் வைத்தால் அதுவும் எடைதானே என்று தோன்றி, போகிற ஒரு ஆளிடம் பிடிக்கக் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. தொப்பியை வாங்கித் தலையில் வைத்தார். ஒரு மெஷின் பொய் சொல்லலாம். இரண்டும் பேசி வைத்துக்கொண்டா சொல்லும்?

அன்று இரவுச் சோற்றின் முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, கறி ஆறுது."

"ஏறியிருக்கு ருக்கையா. எறங்கல. ஏறியிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

"ஏறாம என்ன செய்யும்? பள்ளியில மூணு கோப்பை கஞ்சி, அதுக்கு மேல வடை, சமூசா. வீட்டுக்கு வந்து ரோஸ் சர்பத்து. ராத்திரி தராவீஹ் தொழுக முடிஞ்சு கூட்டாளிங்களோட கறி வச்ச முர்தபா ரொட்டி. விடியறதுக்கு முன்ன சஹருக்கு, பகல் பூரா தாங்கணும்னு ஒரு தட்டுச் சோறு. பகல்ல தூக்கம் வேற. நீங்க வச்சது நோன்பு இல்ல, தெனம் ஒரு பெருநாளு."

பதினெட்டு நாள் மிச்சம். இருபத்திநாலு ராத்தல் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேலே. ஹனீபா விரல் விட்டுப் பார்த்தார். விரல் போதவில்லை.

மறுநாளிலிருந்து நோன்பு திறக்க மூன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும். சஹருக்கு எழுந்திருக்கவே இல்லை. ருக்கையா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கொட்டகையில் அவருக்குப் பெட்டிகளின் மேலிருந்த எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. போட்ட கோட்டின் மேலேயே கோடு போட்டார். வெளியே ஏழாம் நம்பரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பார். கூண்டில் இப்போது ரவூப் இருந்தான். முப்பத்துநாலு வயது, மூன்று பிள்ளைக்காரன், ஒல்லி. ஒருநாள் அவனே கொட்டகைக்கு வந்தான்.

"மாமு, ஏழாம் நம்பர் பிரேக் ஒரு பிடி தள்ளிப் பிடிக்குதே. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"மேஸ்திரியக் கேளு."

"அவரு ஒங்களக் கேக்கச் சொன்னாரு."

"எனக்கு நெனப்பில்ல."

ரவூப் போய்விட்டான். அவன் நல்ல பையன்தான். நல்ல பையன் என்பதுதான் பயமே. மோசமானவனாக இருந்தால் மேஸ்திரியே இறக்கிவிடுவார்.

இருபத்தைந்தாம் நோன்பன்று கொட்டகை வாசலில் இருந்த மூன்றே படியில் கால் வைத்தார். படி கீழே போயிற்று. கண்ணைத் திறந்தபோது யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று படியில் விழுந்தவர் அறுபத்திரண்டு படி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

வீட்டில் ருக்கையா கஞ்சிக் கோப்பையை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"ஒரு கோப்பை. குடிங்க. செத்து மையத்தானா எடை நல்லாக் கொறையும்தான். மையத்துக்கு எந்த டாக்டர் கிரேன் சீட்டு குடுப்பான்?"

குடித்தார். அன்றிலிருந்து ஒரு கோப்பை கஞ்சி, சஹருக்கு ஒரு கைப்பிடிச் சோறு. பெருநாளன்று வந்தவர்கள் எல்லாம் பிரியாணியை அள்ளி வைத்து, "இன்னும் கொஞ்சம்" என்றார்கள். அவர் மூன்று வாய் தின்றுவிட்டு வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். அது பொய்யும் இல்லை. வயிற்றில் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் டாக்டர் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினார். இந்தத் தடவை தராசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குண்டு கம்பியில் நகரும் சத்தம் கேட்டது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி நின்றது.

"இருநூத்தி நாலு" என்றான் மருதப்பன்.

"நாலுதானா?"

"நாலுதான் பாய்."

டாக்டர் பட்டை கட்டிப் பார்த்தார். பிரஷர் முன்னைவிடக் கூட இருப்பதாகச் சொன்னார். இழுப்பறையிலிருந்து பழைய தாளை எடுத்து, ஹனீபாவின் கையெழுத்துக்கு மேலே இருந்த எண்ணைப் படித்தார். மருதப்பன் தமிழில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. ஹனீபா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரவூப்புக்கா?"

"ஆமா பாய். இன்னிக்கே எழுதிடுவாங்க."

பிள்ளைகள் இல்லாத வீடு. கொட்டகைச் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட்டுவிடலாம்தான். ஆனால் கொட்டகையில் கோடு போடுவதற்கு எந்தக் கிழவனும் போதும். அடுத்த வருடம் அதற்கும் ஒரு சட்டம் போடுவார்கள்.

டாக்டர் ஏதோ கேட்டார்.

"ஒம்பதாம் நம்பர் ஓட்டுறவரு அடுத்த வருசம் ஓய்வு வாங்குறாராம்" என்றான் மருதப்பன். "ஒடம்பு சரியா இருந்தா ஒங்க பேரையும் சேத்துப் பாப்பாங்களாம். உறுதி ஒண்ணும் கெடையாது. இப்பவும் எறக்குற கணக்க நீங்களே சொல்லணுமாம். எத்தன ராத்தல்?"

ஹனீபாவின் வாயில் பன்னிரண்டு என்று வந்தது. விழுங்கினார். போன தடவை இருபது எவ்வளவு லேசாக வந்தது. கடையில் மிட்டாய் கேட்பது மாதிரிக் கேட்டார். இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். ஆறு என்று சொல்லலாமா? ஆறும் முடியாமல் போனால்? நாலு? அந்த நாலுக்குள் ஒரு மயக்கமும், மூன்று படியும், பதிமூன்று நாள் பட்டினியும் இருந்தன.

"ரெண்டு" என்றார்.

"மொத்தமா எத்தன மாசத்துக்குன்னு கேக்குறாரு."

"ஒரு மாசத்துக்கு மட்டும் எழுதச் சொல்லு. அத எறக்கிட்டு வந்து அடுத்ததச் சொல்றேன். மேல ஒண்ணும் எழுத வேணாம்."

டாக்டர் எழுதினார். தாளைத் திருப்பி வைத்தார். ஹனீபா கையெழுத்துப் போடாமல் இரண்டு என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வேறு எண் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"வாசி."

மருதப்பன் வாசித்தான்.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தான். "அடுத்த ஆளு காத்திருக்காரு பாய்."

"இருக்கட்டும்" என்றார் ஹனீபா. பேனாவை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார். டாக்டரை நேராகப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தன கைப்பிடி சோறு திங்கலாம், கறி எவ்வளவு, கொட்டகையில ஒக்காராம நடக்கலாமா, எல்லாம் அவர்கிட்ட கேளு. ஒண்ணு ஒண்ணா மெதுவாக் கேளு. நான் நிக்கிறேன்."