பதினோராம் நாள் சாக வேண்டியவர்

முராகோஷி கன்ஜிக்குச் சாவதுதான் தொழில். கியோட்டோ நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் படப்பிடிப்பு நிலையத்தில், முப்பத்தாறு வருஷமாக வாள் சண்டைப் படங்களில் வெட்டுப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தார். பாலத்தில் செத்தார், பனியில் செத்தார், நெல் வயலில் முகம் புதைத்துச் செத்தார். ஒரே படத்தில் மூன்று வேறு வேறு ஒட்டு மீசைகளோடு மூன்று முறை செத்ததும் உண்டு. வசனம் என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. "அக்" என்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த "அக்"குக்குப் பிறகு ஒன்றரைச் சுற்று சுற்றி, கை காற்றைப் பிடிக்கத் தவிக்க, வலது கண்ணைக் கடைசியாக மூடிச் சாய்வார் பாருங்கள், கதாநாயகன் கத்துக்குட்டியாக இருந்தாலும் மகா வீரனாகத் தெரிவான். அதனால் பெரிய நடிகர்கள் எல்லாரும் முராகோஷி கையால்... இல்லை, முராகோஷியைத் தங்கள் கையால் சாகடிக்கப் போட்டி போட்டார்கள்.

அந்த வருஷம் 'செம்மலைக் கணவாய்' என்று ஒரு படம் ஆரம்பித்தார்கள். டைரக்டர் ஓனுகி. கதாநாயகன் அசாஹினா, இருபத்தெட்டு வயசு, பாட்டுக்குழுவிலிருந்து நடிக்க வந்தவன். சுவரொட்டி முதலிலேயே அச்சாகிவிட்டது: 'பதினேழு பேர்! ஒரே வாள்!'

ஓனுகியின் முந்தைய படத்தை ஜனங்கள் இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எந்தக் காலத்துச் செருப்பு, எந்தக் காலத்துக் குடை, நாற்பது பேரை வெட்டிய வாளில் ஒரு கீறல்கூட இல்லையே என்று கேள்விமேல் கேள்வி. இந்தத் தடவை ஒரு பயலும் வாய் திறக்கக் கூடாது என்று முதலாளி ஒரு சரித்திரப் பேராசிரியையை வரவழைத்தார். பெயர் உகாயி. குள்ளமான அம்மா, கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் ஒரு பை நிறைய பழைய ஏடுகளின் நகல். எல்லாரும் 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்று கூப்பிட்டார்கள்.

முதல் நாளே கதாநாயகியின் புருவத்தை மழித்து, பல்லில் கறுப்புச் சாயம் பூசிவிட்டார். "கல்யாணமான பெண் அப்படித்தான் இருப்பாள்" என்றார். காதல் காட்சியில் அந்தப் பெண் சிரித்ததும் அசாஹினா வசனத்தை மறந்தான். பன்னிரண்டு தடவை மறந்தான்.

இரண்டாம் நாள் கோயில் வாசலில் பெரிய சண்டை. மூன்று பேரை வெட்டிவிட்டு நாலாவது ஆளை நோக்கி அசாஹினா பாய்ந்தபோது, உகாயி கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இந்நேரம் வாள் வளைஞ்சிருக்கும்."

"வளைஞ்சா?" என்றார் ஓனுகி.

"தரையில வச்சு, காலால மிதிச்சு நிமிர்த்தணும்."

"அதுவரைக்கும் மத்த பதினாலு பேரும் என்ன செய்வாங்க?"

"கொன்னுடுவாங்க."

"யாரை?"

"கதாநாயகனைத்தான், வேற யாரை?" உகாயி ஏட்டைப் புரட்டினார். "நிஜத்துலயும் இந்தப் பேர் கொண்ட ஆள் முப்பத்தோரு வயசுல வயித்துப்போக்குல போனவர்தான். அது வேணும்னா வச்சுக்கலாம்."

அசாஹினா வாளைக் கீழே போட்டுவிட்டு ஒப்பனை வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பதினான்கு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கதாநாயகன் பிழைக்கட்டும். ஆனால் வெட்டுப்படுகிறவர்கள் நிஜத்தில் என்ன ஆவார்களோ அதுதான் ஆக வேண்டும். அப்போது முராகோஷியின் முறை வந்தது. இடது தோளில் வெட்டு. அவர் தன் பாட்டுக்குச் சுற்றி, காற்றைப் பிடித்து, வலது கண்ணை மூடினார். விளக்குத் தூக்குகிற ஆட்கள்கூடக் கைதட்டினார்கள். உகாயி குனிந்து அவருடைய அங்கியைக் கிள்ளிப் பார்த்தார்.

"பஞ்சு வச்ச மேலங்கி. உள்ளே சங்கிலி வலைச் சட்டை. அதுக்குள்ள ரெண்டு பருத்தித் துணி. இந்த மனுஷர் சாக மாட்டார்."

படுத்திருந்த முராகோஷி இடது கண்ணை மட்டும் திறந்தார். முப்பத்தாறு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"சாகலைன்னா என்ன செய்வார்?" என்றார் ஓனுகி, அழுகிற குரலில்.

"உட்கார்ந்துக்குவார். கோபம் வரும். தண்ணி கேப்பார். காயம் சீழ் பிடிச்சா பதினோராம் நாள் ஜுரத்துல சாகலாம். பிடிக்கலைன்னா பிழைச்சும் போகலாம்."

"கேட்டீங்களா முராகோஷி? உட்காருங்க, அவ்வளவுதான். என்ன கஷ்டம் இதுல?"

கஷ்டமாகத்தான் இருந்தது. வாள் தோளில் பட்ட நிமிஷம் உடம்பு தானாகச் செத்தது. "கட்!" என்று கத்திய ஓனுகி, "யோவ், செத்துட்டீரய்யா மறுபடியும்!" என்பார். "மன்னிச்சுக்குங்க" என்று எழுந்து, நாலு பக்கமும் குனிந்து வணங்கி, மறுபடி நின்று, மறுபடி செத்தார். ஒன்பது தடவை. பத்தாவது தடவை அங்கிக்குள் கயிறு கொடுத்துத் தூணோடு கட்டினார்கள். கட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டு, அழகாகச் செத்தார்.

உகாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டார். "முராகோஷி சான், நிஜமா எப்பவாவது அடிபட்டிருக்கா உங்களுக்கு?"

"போன வருஷம் அலமாரி விழுந்துச்சு, சென்செய். தோள் மேலயே."

"அப்ப என்ன பண்ணினீங்க?"

அவர் யோசித்தார். "முதல்ல அலமாரியைத் திட்டினேன்."

பதினோராவது தடவை வாள் இறங்கியது. முராகோஷி 'அக்' என்று சொல்லவில்லை. தொப்பென்று படியில் உட்கார்ந்தார். தோளைப் பார்த்தார். அசாஹினாவைப் பார்த்து, "ஏம்ப்பா, கண்ணு தெரியலையா உனக்கு?" என்றார். பிறகு, சுற்றி நடந்துகொண்டிருந்த சண்டையைப் பார்த்து, "யாராவது ஒரு கை குடுங்கப்பா" என்றார். நிஜச் சண்டையில் விரல்தான் முதலில் போகும் என்று உகாயி சொன்னபடி செய்து போட்டிருந்த ரப்பர் விரல்கள் தரை முழுக்கக் கிடந்தன. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆள் ஒருவன் தன்னை மறந்து வந்து அவரைத் தூக்கிவிட்டான்.

ஓனுகி "கட்" சொல்லவே மறந்துபோனார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆள் சாகவில்லை என்றால் அடுத்த காட்சியில் எங்கே போவார்? உகாயி வரைபடத்தை விரித்தார். கணவாயிலிருந்து இறங்க ஒரே பாதை. கதாநாயகன் போகிற அதே பாதை. ஆகவே கதாநாயகனும் மனைவியும் மேப்பிள் மரத்தடியில் பிரிந்து அழுகிற காட்சியில், பின்னால் முராகோஷி முனகிக்கொண்டே நடந்து வந்தார். சத்திரத்துக் காட்சியில் பக்கத்து அறையில் அவர் இருந்தார். வைத்தியர் வாயில் சாராயத்தை வைத்துக் காயத்தில் துப்ப, "குடிக்கக் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று முராகோஷி சொன்னார். எழுதிக் கொடுத்த வசனம் இல்லை, வாயில் வந்தது. அவருக்குப் பின்னால் மற்ற பதினாறு பேரும் வந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் தோள் கொடுத்துக்கொண்டு, காதில்லாமல், விரலில்லாமல். இறுதிச் சண்டையில் நாயகனும் வில்லனும் வாளை ஓங்கியபடி இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றார்கள். நிஜத்தில் அப்படித்தானாம். மழை வந்ததும் இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அசாஹினா வெடித்தான். "நான் யாரையுமே கொல்லலையே! பதினேழு பேர்னு சுவரொட்டி போட்டிருக்கீங்க, இப்ப பதினேழு பேரும் என் பின்னாடியே வந்துட்டிருக்காங்க!"

ஓனுகிக்கும் அது நியாயமாகப் பட்டது. பதினோராம் நாளில் ஒரே ஒரு ஆளாவது சாகட்டும் என்று உகாயியிடம் கெஞ்சினார். "முராகோஷி சான் சாகலாம், சாகாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு" என்றார் அவர் நேர்மையாக. "அவரையே கேளுங்க."

முராகோஷியை யாரும் கேட்டதே இல்லை. காலில் வைக்கோல் செருப்பும் தோளில் கட்டுமாக உணவுக்கூடத்தில் போய் உட்கார்ந்து உதோன் நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். பிழைத்தால் இன்னும் நாலு காட்சி, நாலு வசனம் கிடைக்கும். வாயில் பேச்சு ஊறிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வருஷத்துப் பேச்சு.

எதிரே அசாஹினா வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, கால்ல விழுந்து கேக்கறேன். செத்துடுங்கண்ணே."

"சூப்பு ஆறுதுப்பா."

"எங்க அம்மா ஊர்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்து படம் பாக்கப் போறாங்க. நான் ஒரு மனுஷனைக்கூடக் கொல்லலைன்னா என்ன சொல்லுவாங்க?"

முராகோஷி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பையன் வாளை ஓங்கும்போது முழங்கை தூக்கிக்கொள்ளும், கழுத்து முன்னால் நீளும். இவன் வெட்டில் பதினேழு பேர் என்ன, ஒரு முள்ளங்கிகூடச் சாகாது. ஆனாலும் இந்த மாதிரிப் பிள்ளைகளை வீரர்களாகக் காட்டத்தானே இத்தனை காலம் மண்ணில் புரண்டார்.

"சரி, அழாதே. செத்துடறேன்" என்றார்.

மறுநாள் சத்திரத்து அறையில், ஜுரத்தில், நாற்பது நிமிஷம் செத்தார். ஒன்றரைச் சுற்றுக்கெல்லாம் அங்கே இடமில்லை. படுத்தபடியே உதடு காய்ந்தது, விரல் பாயைத் தேடியது. சத்திரக்காரி பாய் பாழாகிறதே என்று புலம்ப, அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கூரையைப் பார்த்து, யாருக்கோ சொல்வதுபோல, "நல்லா வெட்டினான் அந்தப் பையன்" என்றார். பிறகு மூச்சு எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒலிப்பதிவுக்காரர் எழுந்து வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். உகாயி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்கு" என்றார். அசாஹினா மூலையில் குந்தி, நிஜமாகவே ஒருவரைக் கொன்றுவிட்டவன்போலத் தேம்பினான்.

படம் நாலே கால் மணி நேரம் நீண்டது. தொகுப்பாளர் கத்தரியை எடுத்தார். முதலில் போனது அந்த நாற்பது நிமிஷம்.

வெளியானபோது ஜனங்கள் மழைச் சண்டையில் கொட்டாவி விட்டார்கள். கறுப்புப் பல் காதலில் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் கொட்டகையை விட்டு வரும்போது எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: அந்தத் தோள் காயக்காரர் என்ன ஆனார்? கடிதங்கள் குவிந்தன. கம்பெனி தன் வலைப்பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டது: 'மேற்படி நபர் பதினோராம் நாள் ஜுரத்தில் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' யாரும் நம்பவில்லை. மாறாக, நலம் விசாரித்துப் பொருள்கள் வர ஆரம்பித்தன. உப்பில் ஊறிய பிளம் காய், வலிக்கு ஒட்டுகிற பட்டை, கோயில் தாயத்து, ஒரு பெட்டி பேரிக்காய். ஹொக்கைடோவிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, 'வைத்தியரை மாற்றிப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

முராகோஷி ஒவ்வொருவருக்கும் தன் கையால் பதில் எழுதினார். இதைக் கேள்விப்பட்டு உகாயி அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"முராகோஷி சான், இது முறையில்லை. நீங்க செத்தாச்சு. நானே கண்ணால பார்த்தேன். ஆதாரத்துக்கு விரோதமா எழுதாதீங்க."

"உட்காருங்க சென்செய், பேரிக்காய் சாப்பிடுங்க. ரொம்ப இனிப்பு."

உகாயி ஒரு துண்டு எடுத்தார். மென்றபடியே அவர் தோளுக்கு மேலாக எட்டி, மேஜையில் மை காயாமல் கிடந்த அட்டையைப் படித்தார்.

'உங்கள் அன்புக்கு நன்றி. இப்போது பரவாயில்லை. மழை நாளில் மட்டும் தோள் கொஞ்சம் குடைகிறது.'