குழாய்க்குப் பூக் கேட்ட கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. பழனிசெட்டிபட்டியில் என் வீட்டுக்கு எதிரே மாடி எடுக்கிறார்கள். எம்-சாண்ட் இறக்க வந்த லாரி நின்ற இடமெல்லாம் தண்ணீர். "கழுவுன மணலு, சொட்டத்தான செய்யும்" என்றார் டிரைவர். எங்கே கழுவியது என்று கேட்டேன். மயிலாடும்பாறைப் பக்கம் என்றார். அந்தப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லையென்று போன வாரம்தான் ஒரு பெண் என்னிடம் அழுதாள். அழுதாள் என்பது பொய். திட்டினாள்.

[அவளுக்கு இருளம்மாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் கோபப்படுவார்கள்.]

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் திரண்ட ஒரு மாலையில் இருளம்மாள் வருசநாட்டு மலையைப் பார்த்தபடி—"

அடித்துவிட்டேன். மலையைப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்?

இரண்டாம் தொடக்கம்: "வளர்ச்சி என்பது யாதெனில்—"

இதை எழுதிய கையை உடைக்கலாம்.

மூன்றாவது: ஊருக்கு மேலே ஒரு கல் குவாரி. பாறையை உடைத்து, அரைத்து, கழுவி, மணலாக்கி விற்கிறார்கள். குவாரிப் பள்ளம் இறங்க இறங்க ஊர்க் கிணறுகள் வற்றின. பிறகு குவாரிக்காரர்களே வந்தார்கள். ஆற்றில் உறைகிணறு போட்டு, குழாய் பதித்து, குவாரிக்கும் ஊருக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவருகிறோம் என்றார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான். ஆனாலும் ஊர் சந்தோஷப்பட்டது.

குழாய் இருளம்மாளின் கடலைக் காட்டையும் அதை ஒட்டிய கருப்பசாமி எல்லையையும் தாண்டிப் போக வேண்டும். "சாமி எல்லையில மம்பட்டி வைக்கணும்னா பூக் கேக்கணும்" என்று வேலையை நிறுத்தியவள் அவள்தான்.

பூக் கேட்பது இப்படி: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். ஊர், கேள்வியை அவளையே கேட்கச் சொன்னது. அவள் சத்தமாகக் கேட்டாள்: "அய்யா, குழா இங்கன போகலாமா?"

வெள்ளை வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

3

(வாசகர் இந்தக் குலவைச் சத்தத்தோடு கொஞ்சம் மகிழ்ந்துகொள்ளலாம். இனி அதற்கு வாய்ப்பில்லை.)

குழாய் போனது. தண்ணீரும் அதோடு போனது. குவாரித் தொட்டி நிறைந்த பிறகுதான் ஊருக்கு வால்வைத் திறப்பார்களாம். தொட்டி நிறைவதே இல்லை. மணல் கழுவும் மெஷின் பகல் முழுக்க அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இருளம்மாளின் காட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. அவள் தெருக்குழாயில் சிலந்தி கூடு கட்டியது.

தெரு அவளைத்தான் பிடித்துக்கொண்டது. "நீதான பூக் கேட்ட?" என்றாள் பக்கத்து வீட்டு மொக்கம்மாள். குவாரி சூப்பர்வைசர் விஷாலும் அதையே சொன்னான்.

"அக்கா, சாமியே உத்தரவு குடுத்துருச்சு. நீங்கதான கேட்டீக?"

"குழா போகலாமான்னுதான் தம்பி கேட்டேன். தண்ணிய நீங்களே வச்சுக்கங்கன்னா கேட்டேன்?"

"டேங்க் நெறஞ்சதும் விட்ருவோம்க்கா."

"ஏலே, நெறயுற டேங்கா அது?"

* விஷாலை வில்லனாக்கிப் பார்த்தேன். வரவில்லை. அவன் வீட்டிலும் கேன் தண்ணீர்தான். இந்தக் கோபத்துக்கு உரியவர்கள் கதைக்குள் இறங்குவதே இல்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.

4

இருளம்மாள் பூசாரி அம்மாவாசியிடம் போனாள்.

"மறுபடி பூப் போடுங்க மாமா."

"ஒருதடவ குடுத்த உத்தரவ மாத்திக் கேக்கக் கூடாது ஆத்தா."

"மாத்திக் கேக்கல. கேக்காம விட்டதக் கேக்குறேன். தண்ணி யாருக்குன்னு கேளுங்க."

அம்மாவாசி தலையைக் குனிந்துகொண்டார். "அதச் சாமிகிட்டக் கேட்டு என்னத்துக்கு? வால்வு சாவி அங்கன குவாரியில இருக்கு. சாமிகிட்ட இல்ல."

அவளுக்கு வந்த கோபத்தை எழுத மொழி போதவில்லை. [மொழி போதவில்லை என்பது எழுதுகிறவர்களின் பழைய தந்திரம். அதையும் அடித்துவிடுகிறேன்.] நேராகவே சொல்கிறேன்: சாமியையே சாட்சிக்கு இழுத்து ஏமாற்றிவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றி எரிந்தது. எனக்கும் எரிகிறது.

5

முடிவுகள்.

(அ) கடப்பாரையால் குழாயை உடைக்கிறாள். தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சுகிறது, பிள்ளைகள் நனைந்து ஆடுகிறார்கள். எழுதும்போது எனக்கே குளிர்ந்தது. ஆனால் மறுநாள் போலீஸ் ஜீப் அவள் வாசலில்தான் நிற்கும், குவாரி வாசலில் நிற்காது. கிழித்துப் போட்டேன்.

(ஆ) அதிகாரி வருகிறார். ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். பெண்கள் கலைந்து— இது முடிவே அல்ல. இத்தனை நாளாக நடப்பதே இதுதான்.

(இ) இருளம்மாள் மொக்கம்மாள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். "என்னயத் திட்டுனது போதும். குடத்த எடுத்துக்கிட்டு வா." தெருவே கிளம்புகிறது. காலிக் குடங்களைத் தேனி ரோட்டின் குறுக்கே அடுக்கி, பெண்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். மணல் லாரிகள் நிற்கின்றன. பின்னால் ஒரு பஸ்ஸும் நிற்கிறது.

வந்த போலீஸ்காரர் பஸ்ஸைப் பார்த்துச் சத்தமாகச் சொல்கிறார்: "பப்ளிக்குக்கு எடஞ்சலா இருக்குன்னு ஒரே ஒரு ஆள் சொல்லுங்க போதும். எல்லாத்தையும் தூக்கி வேன்ல ஏத்திருவேன்."

அந்த பஸ்ஸில் நீங்கள் இருக்கிறீர்கள். தேனியில் உங்களுக்கு அவசர வேலை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. இருளம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து வருகிறாள். உங்கள் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறாள்.

"சாமிகிட்ட ஒழுங்காக் கேக்கத் தெரியல எனக்கு. ஒங்ககிட்டக் கேக்குறேன், நீங்களாச்சும் சொல்லுங்க. அந்தத் தண்ணி யாருக்கு?"

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. போலீஸ்காரரும் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.