பத்தில் நான்கு

எனக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. அன்று மதியம் விளையாட்டரங்கின் கீழ்த்தளத்தில், உடைமாற்றும் அறைக்கும் மருத்துவ அறைக்கும் நடுவே எத்தனை நடை நடந்தேனோ, ஐஸ் பெட்டிக்குக் காவல் இருந்த ஊழியர் ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டேவிட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தேன்.

நான் தேசிய மகளிர் ரக்பி செவன்ஸ் அணியின் பிசியோதெரபிஸ்ட். தசை பிடித்தால் நீவிவிடுவது, கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, அழுதால் அதட்டுவது எல்லாம் என் தலையில். அணியின் கேப்டன் என் சொந்தத் தங்கை. பந்தோடு ஓடும்போது நின்ற இடத்திலேயே சுழன்று எதிராளியின் கைக்கு அகப்படாமல் போய்விடுவாள் என்பதால் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நான்கு மணிக்கு அந்தப் போட்டித் தொடரின் கடைசி ஆட்டம். ஏழு ஏழு நிமிடமாகப் பதினான்கு நிமிடம். தோற்றால் உலகத் தொடரிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். அது மட்டும் என்றால் பரவாயில்லை, அடுத்த வருடம் ஏறி வரலாம். சங்கத்தின் செயலாளர் காலைச் சாப்பாட்டின்போது முட்டையை உரித்துக்கொண்டே வேறொன்றும் சொன்னார். இன்றைக்குத் தோற்றால் செவன்ஸ் அணியையே கலைத்துவிடுவார்களாம். இனி பதினைந்து பேர் ஆடும் ஆட்டம் மட்டும்தானாம். ஏழு பேர் ஆட்டத்துக்கு எதிர்காலம் இல்லை என்று மேலிடம் நினைக்கிறதாம். மேலிடம் என்றால் அவரும் அவருடைய மைத்துனரும்தான். முட்டை அவர் கையில் வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் அணியில் ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள், ஒருத்தி பேருந்தில் நடத்துநர், இருவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியைகள். விடியற்காலையில் கால்பந்துக்காரர்கள் வருவதற்கு முன்னால் அவர்கள் மைதானத்தில் பயிற்சி செய்துவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். பன்னிரண்டு பேர் வர வேண்டிய போட்டிக்குப் பதினொரு பேர்தான் வந்தோம், வங்கிக்காரிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. முதல் நாளே இருவருக்குத் தொடையில் தசை கிழிந்தது. சனிக்கிழமைதோறும் பள்ளிப் பெண்கள் அறுபது பேருக்குப் பம்பரம் ரக்பி சொல்லிக்கொடுக்கிறாள். தேசிய அணி இல்லையென்று ஆனால் மறுவாரமே அந்தப் பள்ளிகள் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆக, எல்லாம் அந்தப் பதினான்கு நிமிடத்தில் வந்து நின்றது.

காலை ஆட்டத்தில்தான் அது நடந்தது. எதிரணிக்காரி ஒருத்தியைக் கீழே சாய்க்கப் போன பம்பரத்தின் நெற்றிப்பொட்டில் அவள் முழங்கால் இடித்தது. பம்பரம் உடனே எழுந்துவிட்டாள், கைகூடத் தட்டினாள். ஆனால் எழுந்தவள் ஒரு கணம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்த்தாள். நான் கையைத் தூக்கி அவளை வெளியே எடுத்துவிட்டேன். இனி போட்டி மருத்துவர் பரிசோதித்துச் சரி என்றால்தான் மாலையில் ஆடலாம்.

இந்த இடத்தில் எங்கள் வண்டவாளத்தைச் சொல்லியாக வேண்டும். சீசன் தொடங்கும்போது, நல்ல நிலையில் இருக்கையில், ஒவ்வொருத்திக்கும் ஒரு சோதனை வைப்போம். பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். அந்த மதிப்பெண்ணைத் தாளில் எழுதிவைப்போம். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி சோதித்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் வெளியே.

எங்கள் பெண்கள் முதல் சோதனையை வேண்டுமென்றே சொதப்புவார்கள். பத்தும் தெரிந்தவள் நான்கைச் சொல்லிவிட்டு முழிப்பாள். கல்தூண் மாதிரி நிற்கக்கூடியவள் குடித்தவள் மாதிரி ஆடுவாள். நாளைக்கு நிஜமாகவே தலை கலங்கினாலும் மதிப்பெண் குறையாதல்லவா. சோதனை நாளில் அறையே சிரிப்பில் அதிரும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவதி நான்தான். ஒன்பது வருடம் முன்பு, நான் ஆடிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்து வைத்தேன். அதற்கான பலனும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அடிபட்ட தலையோடு தொடர்ந்து ஆடியதில், இன்றைக்கும் செய்தித்தாளில் அரைப் பத்தி தாண்டுவதற்குள் எழுத்துகள் நகர ஆரம்பித்துவிடும். அப்படி இருந்தும் இந்த சீசனில் தாளும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்து, தெரிந்தே நான்கு நான்கு என்று எழுதியவளும் நான்தான். புத்தி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஆள் பற்றாமல் தடுமாறுகிற அணியில் ஒருத்தியையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மருத்துவர் பம்பரத்தை உட்காரவைத்தார். நான் சுவரோரம் நின்றேன். அவர் நிதானமாகப் பத்து வார்த்தைகளைப் படித்தார். மாதங்களைக் கேட்டார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பிறகு அந்தப் பத்தைத் திருப்பிக் கேட்டார்.

"போர்வை," என்றாள் பம்பரம். "எலுமிச்சை. விரல்."

அதன்பின் நின்றுவிட்டாள். சீசன் தொடக்கத்தில் அவள் இதே இடத்தில் கண்ணைக் கூரைக்கு உயர்த்தி, நாக்கைக் கடித்து, ஒரு பெரிய நாடகமே போட்டாள். இன்று நாடகம் இல்லை. அரைக்கால் சட்டையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். சின்ன வயதில் வாய்ப்பாடு மறந்துபோனால் பாவாடையை அப்படித்தான் சுற்றுவாள்.

"பூச்சி," என்றாள் கடைசியாக.

மருத்துவர் தாளைப் புரட்டினார். அன்றும் நான்கு, இன்றும் நான்கு. தலைவலி உண்டா, குமட்டல் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அந்தத் தாளே பொய் என்று நான் சொல்லலாம். சொன்னால் மற்றவர்களின் தாளையும் கேட்பார். பதினொன்றும் என் கையெழுத்தில் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கும் முன்பே அணி முடிந்தது, என் வேலையும் முடிந்தது. சொல்லாவிட்டால் என் தங்கை இன்னொரு முழங்காலுக்குத் தலையைக் கொடுக்கப் போகிறாள். அவர் பேனா தாளைத் தொடுவதற்குள் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"டாக்டர், அரை மணி நேரத்துக்கு முன்னாடி இவ வாந்தி எடுத்தா. நான் பார்த்தேன்."

வாந்தி என்றால் மறுபேச்சு கிடையாது, விதி அப்படி. அவர் தாளில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"பொய்," என்றாள் பம்பரம். "அக்கா பொய் சொல்றா டாக்டர். நான் வாந்தியே எடுக்கல."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வருந்துகிறேன் என்று சொல்லி எழுந்தார். வெளியே வந்ததும் அவள் என் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினாள்.

"நீ ஆடுறப்ப உன்னை யாராவது இப்படி நிறுத்தினாங்களா?"

இல்லை என்றேன். நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன், அதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கடைசி நிமிடத்தில் பன்னிரண்டுக்குப் பத்தொன்பது என்று பின்தங்கியிருந்தோம். நடத்துநர் பெண், நாங்கள் ரப்பர் என்று கூப்பிடுபவள், மூன்று பேரைத் தாண்டி ஓடிக் கோட்டைக் கடந்து பந்தை ஊன்றினாள். அதற்கு ஐந்து புள்ளி, பதினேழு. இனி பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைத்து இரு கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இரண்டு புள்ளி, சமநிலை, கூடுதல் நேரம். அந்த உதை எப்போதும் பம்பரத்துடையது. அன்று ரப்பரே உதைத்தாள். பந்து இடது கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போயிற்று. செயலாளர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பயிற்சியாளரை எல்லாரும் மாஸ்டர் என்போம். அவர் தன் பலகையில் வரைந்திருந்த அம்புகளை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் பம்பரம் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. உடைமாற்றும் அறையில், எல்லார் முன்னாலும், அணியைக் கொன்றவள் என்றாள். அந்த அறுபது பெண்களுக்கும் நீயே போய்ப் பதில் சொல் என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் திட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. இவ்வளவு கோர்வையாகத் திட்டுகிறவளுக்குத் தலையில் ஒன்றும் இருக்காது, என் கணக்குதான் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

விடுதிக்குப் போகும் பேருந்தில் நான் முன்னால் தனியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பம்பரம். என்னை இருக்கையில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தோளில் சாய்ந்தாள். கோபம் ஆறிவிட்டது, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அக்கா, தூக்கமா வருது," என்றாள். "கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன். மேட்சுக்கு முன்னாடி எழுப்பிவிடு."

ஓட்டுநரிடம் எப்படிப் போனேன், என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தோம். அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். விளையாட்டு வீராங்கனை என்று தெரிந்ததும், நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த நினைவுச் சோதனை ஏதாவது இருக்கிறதா, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் உதவும் என்று கேட்டார்.

மாஸ்டர் என் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். பத்தில் நான்கு.

"அப்போ இறக்கமே இல்லையே," என்றார் டாக்டர்.

எனக்குப் பின்னால் அத்தனை பெண்களும் நின்றிருந்தார்கள். செயலாளரும் விஷயம் கேள்விப்பட்டு வந்து சேர்ந்திருந்தார்.

"அந்தத் தாள் பொய் டாக்டர்," என்றேன். "நான்தான் எழுதினேன். அவளுக்குப் பத்தும் தெரியும். எல்லார் தாளும் பொய்தான்."