அய்யனார் பாஸான பரிசோதனை

கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடப்போவதை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ரிஷிவந்தியம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மாதம் ஒரு நாள் ரத்தப் பரிசோதனை முகாம். ஆட்களைக் கூட்டிவந்து, ரத்தக் குழாயில் பெயர் ஒட்டுவது நிர்மலாவின் வேலை. அவள் புருஷன் அய்யனாரும் வெட்டு ஆள்தான்.

ஆறு மாதமும் அய்யனாருக்கு ஒரே முடிவு: 'கவலையில்லை.' முடிவு எழுதின பச்சைச் சீட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தான்.

"பள்ளிக்கூடத்துலதான் ஃபெயிலு. இதுல ஒரு வாட்டிகூட தவறலடி," என்று மீசையைத் தடவிக்கொள்வான்.

மீசைக்கென்ன குறைச்சல்! இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடை மாத்திரை தினம் இரண்டு விழுங்குகிறவன். சாயங்காலமானால் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகிறது என்று அவனே வாய்தவறி அவளிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த மாதம் கூட வெட்டுகிற தமிழழகன் முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். அவனும் பச்சைச் சீட்டு வாங்கினவன்தான். ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் ஜீவா, "கணக்குல எங்கயோ தப்பு இருக்கும்மா," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

தப்பு கணக்கில் இல்லை. அது தெரிந்தும் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது நிர்மலாவைச் சுட்டது. முகாம் என்றால் அந்த ஆட்களுக்குப் பரீட்சை. இரண்டு நாள் முன்பே வெட்டுக்குப் போகமாட்டார்கள், மாத்திரையைத் தொடமாட்டார்கள். விடிந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்து, குளித்து, வெளுத்த சட்டையும் திருநீறுமாக வந்து நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் ரத்தம் நன்றாக இருப்பதாகக் காட்டும். சீக்கு என்று தெரிந்தால் வெட்டுக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி கழற்றிவிடுவாரே என்ற பயம்.

சொன்னால் புருஷன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் புருஷனே போய்விடுவான். அவள் போட்டு உடைத்தாள்.

"மேடம், இவுங்க பாஸாவறதுக்கே தயார் பண்ணிக்கினு வர்றாங்க. வெட்டு முடியிற நேரம் கரும்புக் கொல்லைக்கே வந்து ரத்தம் எடுங்க. எங்கூட்டுக்காரருக்கு மொதல்ல எடுங்க. ஆனா முடிவு மேஸ்திரி காதுக்குப் போவக்கூடாதுங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். "இவ்ளோ படிச்சும் எனக்கு இது தோணலையே, நிர்மலா," என்றார். அனுமதி வாங்கி, அடுத்த மாதமே முறையை மாற்றினார்.

கொளுத்துகிற வெயிலில் கரும்புக் கொல்லைக்குள் ஊசியோடு வந்தவர்களைப் பார்த்து அய்யனாருக்கு ரத்தம் கொதித்தது. "இன்னாடி, எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கறியா?"

"மானம் போனா திரும்ப சம்பாதிச்சிக்கலாம். கிட்னி போனா எங்கய்யா போவ? கைய நீட்டு."

நீட்டினான். முடிவு சிவப்புச் சீட்டாக வந்தது. "ஆரம்பந்தான், இப்ப கவனிச்சா மீட்டுடலாம்," என்றார் டாக்டர். மாத்திரை நின்றது. மணிக்கொரு தரம் தண்ணீர், உச்சி வெயிலில் நிழல். ஒருவனை மட்டும் ஒதுக்கினதாக இருக்கக் கூடாதென்று எல்லோருக்கும் அதையே டாக்டர் கேட்டு வாங்கினார். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதத்தில், அதே கொல்லையில் அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் அய்யனாரின் எண் இறங்கியது. சிவப்புச் சீட்டு வாங்கின இன்னும் ஒன்பது பேருக்கும் இறங்கியது. சின்னசேலம் பக்கமும் இப்படியே எடுக்கலாமா என்று பெரிய டாக்டர் ஒருவர் நேரில் பார்க்க வந்தார்.

"கொல்லையில வந்து எடுக்கறது யாரோட யோசனை?" என்று கேட்டார்.

ஜீவா வாயைத் திறக்குமுன் வரிசையில் முதலாவதாக நின்றவன் முந்திக்கொண்டான். உடம்பெல்லாம் வேர்வை, தலையெல்லாம் கரும்புச் சோகைத் தூசி. பக்கத்தில் மேஸ்திரி நிற்கிறார் என்று தெரிந்தே சொன்னான்.

"எம் பொண்டாட்டி யோசனைங்க. நான் ஆறு மாசம் பொய்யா பாஸாயிக்கினு இருந்தேன். அவதாங்க என்னை ஃபெயிலாக்கி உசுரோட வெச்சிக்கினா."

நிர்மலாவுக்குக் கண் நிறைந்து, குழாயில் எழுதியிருந்த பெயர் மங்கியது. ஊசிக்காக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடாம நில்லுய்யா," என்றாள்.