இங்கிருந்து இரண்டு நிமிடம்

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையோரம் நின்று லூர்துசெல்வி பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் வந்தது. மண்டபக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே பொத்தானைத்தான் அழுத்தினாள். "அனைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்றது ஒரு பெண் குரல்.

"தாலி கட்றதுக்கு முன்னாடியே பந்தியாம்மா?" என்று அவர் சிரித்தார்.

செல்வி சிரிக்கவில்லை. திண்டிவனத்தில் அவளும் பிரேம்குமாரும் சேர்ந்து அறிவிப்புப் பெட்டிகள் செய்து விற்றார்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரே நீளமான ஒலிப்பதிவு. கட்டளை வந்ததும் பெட்டி அதில் உரிய இடத்துக்குத் தாவி, அங்கிருந்து ஒலிக்கும். வெளியே வந்து பிரேமுக்குப் போன் செய்தாள்.

"பிரேம், தாவுற கட்டளைய மாத்துனியா?"

"ஆமா, நேத்து மாத்தினேன். புது சிப்புக்குப் பழசு ஒத்து வரல. ஏன்?"

"ரெண்டு நிமிஷம்னு சொன்னா, பழசு ஆரம்பத்துல இருந்து எண்ணி ரெண்டாவது நிமிஷத்துக்குப் போவும். நீ போட்டது, இப்ப நிக்கிற எடத்துல இருந்து ரெண்டு நிமிஷம் தள்ளிப் போவுது. மொத தடவ சரியா வரும். ரெண்டாவது தடவ வேற எங்கியோ போய் நிக்கும்."

"நான் ஒரு தடவதான் போட்டுப் பாத்தேன், செல்வி."

"எந்தெந்தப் பொட்டிக்கு அனுப்பின?"

"எல்லாத்துக்கும்."

அந்தப் பெட்டிகளில் ஒன்று மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தது. சங்கத் தலைவர் நடராசன் எங்கிருந்தாலும், போனில் 'புயல்' என்று அனுப்பினால் போதும். "கடலுக்குப் போகாதீர்கள்" என்று குப்பம் முழுக்க ஒலிக்கும். அது பதிவின் இரண்டாவது நிமிடத்தில் இருந்தது. அதையும் தாண்டி இரண்டு நிமிடம் போனால் வருவது, "ஆபத்து நீங்கியது. தொழிலுக்குப் போகலாம்."

காலையிலேயே புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. மண்டபத்துப் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நடராசனை அழைத்தாள்.

"மரக்காணத்துல மீட்டிங்குல இருக்கேன்மா. காத்து இன்னும் ஜாஸ்தியாவுதாம். அதான் காலைல போட்டத இப்ப மறுபடியும் ஒருக்கா போட்டு உட்டேன்."

"ஐயா, அது தப்பாச் சொல்லியிருக்கும். போலாம்னு சொல்லியிருக்கும். குப்பத்துல எல்லாருக்கும் போன் போடுங்க, ஐயா!"

அடுத்து வடிவுக்கு அடித்தாள். பெட்டி மாட்டியிருந்தது வடிவின் வீட்டில்தான். மாட்டிய அன்று செல்வியை உட்கார வைத்து மீன்குழம்பும் சோறும் போட்டவள் அவள்.

"அக்கா, இப்ப மைக்குல என்னா வந்துச்சு?"

"ஆபத்து இல்லியாம், போலாமாம். காலைல இருந்து சும்மா குந்திக்கினு இருந்தாங்களா, ஜல்தியா கெளம்பிட்டாங்க. உங்க மாமாவும் போய்ட்டாரு."

"அக்கா, அது பொய்! கரைக்கு ஓடுங்க, கூப்புடுங்க!"

வடிவு போனைப் பிடித்தபடியே கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

இன்னொரு 'புயல்' அனுப்பச் செல்விக்குப் பயமாக இருந்தது. பெட்டி எங்கே போய் நிற்குமோ. திரும்பவும் போகலாம் என்று சொல்லிவிட்டால்? முதலில் அதை ஆரம்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று தனியாக இருந்த 'பூஜ்யம்' கட்டளையை அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். பெட்டியிடமிருந்து 'சரி' என்று வந்த பிறகே 'புயல்' அனுப்பினாள்.

வடிவின் போனில், காற்றின் இரைச்சலுக்கு நடுவே, "கடலுக்குப் போகாதீர்கள்" என்று கேட்டது. திரும்பத் திரும்ப, பூஜ்யம், பிறகு புயல் என்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டேயிருந்தாள்.

"திரும்புறாங்க," என்றாள் வடிவு. கொஞ்சம் கழித்து, "அவரு படகக் காணோம் செல்வி. முன்னாலயே போய்ட்டாரு," என்றாள்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிரேமின் வண்டியில் மழையில் நனைந்தபடி அவள் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரையில் கூட்டம் நின்றது. அலைகள் கரையேறி வலைகளை இழுத்துக்கொண்டு போயின. வடிவின் புருஷன் முத்துவின் படகு அலைகளுக்கு நடுவே ஒருமுறை தெரிந்தது, மறைந்தது. கரைக்குக் கிட்டத்தில் வந்து கவிழ்ந்தது. ஆட்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். கூடப் போனவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். முத்துவைத் தூக்கி வந்தார்கள். வலது கை முறிந்து தொங்கியது. கண் திறந்திருந்தான். வடிவு அவன் முகத்திலிருந்த மணலைத் துடைத்தாள். பிறகுதான் செல்வியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொட்டியக் கழட்டு."

"அக்கா, தப்பு என்மேலதான். இப்ப சரி பண்ணிட்டேன்," என்றான் பிரேம்.

"அது இனிமே நெசத்தையே சொன்னாலும், நான் எப்படிய்யா நம்புறது?"

முத்துவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செல்வி வடிவின் வீட்டுச் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றினாள். வெளியே, மரக்காணத்திலிருந்து திரும்பியிருந்த நடராசன் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கடலுக்குப் போக வேண்டாமென்று தன் குரலிலேயே சொல்லிக்கொண்டு போனார்.